‘எங்க அப்பாவுக்கு முதலாளி யாரு, டீச்சர்?’

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைப் பேசும் பாடத்தில் தொழிலாளர் இயக்கத்துக்கு ஒரு சிறு பகுதி உண்டு. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1920இல் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினம். மூன்று ஆண்டுகளையும் அடிக்கோடிடச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன். பொதுத்தேர்வுக்கு அது போதும்.

ஒருநாள் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய அப்பா உணவு டெலிவரி செய்கிறவர். “சங்கம்னா எல்லாரும் ஒண்ணா சேர்ந்து முதலாளிகிட்ட பேசுறதுன்னு சொன்னீங்க. எங்க அப்பாவுக்கு முதலாளி யாரு, டீச்சர்?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன், “டேய், போன்தான்டா” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியாததால் “நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அந்த ‘நாளை’ மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் தேடிப் படித்ததையும், பிறகு வகுப்பில் நடத்திப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 1918க்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகள் இருந்தன. அன்றைய தொழிற்சாலைச் சட்டம் நெசவாலையில் வளர்ந்தவர்களை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. நண்பகல் உணவுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. முதல் உலகப் போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது; கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. அப்பகுதியில் வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த பக்திச் சபைக்குத் தொழிலாளர்கள் வருவார்கள். சங்கத்துக்கான விதை அந்தச் சபையில்தான் விழுந்தது. இருவரும் போய் பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் உருவானது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஆலையின் வாயிற்கதவை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கதவு வழியாக உள்ளே போகிறார்கள், ஒரே கதவு வழியாக வெளியே வருகிறார்கள். கூலி கொடுப்பவர் கதவுக்கு உள்ளே இருக்கிறார். அவரிடம் பேச வேண்டுமென்றால் கதவின் முன்னால் நின்றால் போதும். அவரும் அதே கதவைச் சாத்திவிட்டு, “இன்று யாருக்கும் வேலை இல்லை” என்று சொல்லலாம். வேலைநிறுத்தம், கதவடைப்பு என்ற இரண்டு சொற்களும் இந்தக் கதவைச் சுற்றிப் பிறந்தவை. இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிடுங்கள். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

1920இன் இறுதியில் கதவடைப்பு நடந்தபோது நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்டோர் மீது வழக்கு. பெருந்தொகை இழப்பீடும் கேட்கப்பட்டது. நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்கப் பணியை விட்டு விலகும் நிலை வந்தது. அதாவது, கூடிப் பேசியது குற்றமாகிவிட்டது. இதன் அதிர்ச்சியில்தான் 1921இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பெரம்பூரில் தொடங்கிய ஒரு வழக்கு நாடு முழுமைக்குமான சட்டத்துக்குக் காரணமாக இருந்தது என்று சொன்னதும் எங்கள் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பெரம்பூர் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1921இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடும் நடந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. கதவு ஒன்றாக இருந்தாலும், கதவைத் தாண்டியதும் தெருக்கள் வேறுவேறாக இருந்தன. ‘நாம்’ என்று சங்கம் சொன்னபோது அதில் தாங்களும் அடக்கம் என்று எல்லோராலும் நம்ப முடியவில்லை. இப்பகுதியை நடத்தத் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. நானும் முதலில் தயங்கினேன். ஆனால் இதை விட்டுவிட்டு ‘ஒற்றுமையே பலம்’ என்று கரும்பலகையில் எழுதுவதில் பயனில்லை. பிள்ளைகள் தெருவில் பார்ப்பது வேறாக இருக்கிறது.

பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. இந்த இடத்தில்தான் பாடப்புத்தகத்தின் கதை முடிந்து, என் மாணவனின் கேள்வி தொடங்குகிறது. கதவே இல்லாத தொழிலாளி என்ன செய்வார்?

இதற்கு முதல் விடை எனக்கு அகமதாபாத்தில் கிடைத்தது. அதுவும் நெசவாலை நகரம். 1918இல் அங்கேயும் வேலைநிறுத்தம் நடந்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். அதைத் தொடர்ந்து அனசூயா சாராபாயின் முன்முயற்சியில் 1920இல் மஜூர் மகாஜன் என்ற நெசவுத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. அதன் மகளிர் பிரிவில் பணியாற்றியவர் இளா பட். ஆலைத் தொழிலாளர்களின் வீட்டுப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தருவது போன்ற வேலைகளே அந்தப் பிரிவுக்கு இருந்தன. ஆனால் துணிச்சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள், பழந்துணி விற்பவர்கள், காய்கறிக்காரிகள் இளா பட்டைத் தேடி வந்தார்கள். அவர்களும் உழைக்கிறார்கள், ஆனால் எந்த ஆலையின் பட்டியலிலும் பெயர் இல்லை.

1972இல் அவர்களுக்காக ‘சேவா’ என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைத் தொடங்கிப் பதிவு செய்யப் போனபோது, பதிவு அலுவலகம் மறுப்புத் தெரிவித்தது. காரணம் எளிமையானது: உங்களுக்கு முதலாளி இல்லை, முதலாளி இல்லாமல் யாரை எதிர்த்துச் சங்கம்? என் கடைசிப் பெஞ்சு மாணவனின் கேள்வியேதான். சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்கு மட்டும் அல்ல, உழைப்பவர்கள் தங்களுக்குள் ஒன்றுசேர்வதற்காகவும்தான் என்று இளா பட் வாதாடினார். பதிவு கிடைத்தது.

அதன்பிறகு அந்தச் சங்கம் செய்த வேலைகளைப் பாருங்கள். அந்தப் பெண்களின் பெரிய எதிரி வட்டிக்காரர். ஆகவே 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். தெருவில் கடை போட்டவர்களுக்குத் தொல்லை நகராட்சியும் காவலரும். ஆகவே பேச்சுவார்த்தை அவர்களோடு. நாடெங்கும் இத்தகைய அமைப்புகள் நீண்டகாலம் வலியுறுத்தியதன் பலனாகத் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது அந்தச் சட்டம். கதவு இல்லாத இடத்தில், தன்னைத் தடுப்பது யார் என்று சங்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது விடை நம் ஊரிலேயே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி இல்லை என்று சொல்ல முடியாது. முதலாளிகள் அதிகம் என்பதுதான் சிக்கல். இந்த வாரம் ஒரு மேஸ்திரி, அடுத்த வாரம் வேறொரு மேஸ்திரி. மேஸ்திரிக்கு மேல் ஒப்பந்தக்காரர், அவருக்கு மேல் வீட்டுக்காரர் அல்லது கட்டுமான நிறுவனம். சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவர் யாரிடம் போய்க் கேட்பது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

தமிழ்நாட்டின் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் முதலாளியைத் தேடுவதோடு நிற்கவில்லை, பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தன. ஆள் மாறலாம், மேஸ்திரி மாறலாம். ஆனால் கட்டடம் எழும்ப வரைபட அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அந்த இடத்தில் கட்டடச் செலவில் ஒரு சிறு பங்கைத் தீர்வையாகப் பிடித்தால், அதிலிருந்து எல்லாத் தொழிலாளர்களுக்கும் நிதி கிடைக்கும். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் நிறைவேறியது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. ஒன்றிய அரசும் 1996இல் கட்டுமானத் தொழிலாளர் சட்டங்களைக் கொண்டுவந்தது; தீர்வை இன்று கட்டுமானச் செலவில் 1 சதவீதம். விபத்து உதவி, ஓய்வூதியம், மகப்பேறு உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எல்லாம் இந்த வழியில் வருபவைதான்.

பிள்ளைகளின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க, பள்ளியில் படிப்பதற்கான சான்று வேண்டும். அதற்காகப் பெற்றோர் நம் அலுவலக அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ‘நாளை வாருங்கள்’ என்று நாம் சொன்னால் இன்னொரு நாள் கூலி போகும். அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஒரு சங்கத்தின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பது இதைப் படிக்கும்வரை எனக்கும் தெரியாது.

எல்லாம் லாபக் கணக்கே என்று சொல்லிவிட முடியாது. வாரியத்தால் ஓய்வூதியம் தர முடியும், மேஸ்திரி தரும் கூலியை ஏற்ற முடியாது. சங்க அலுவலகத்தின் பெரும்பகுதி நேரம் விண்ணப்பம் நிரப்புவதிலும் புதுப்பிப்பதிலும் போய்விடுகிறது. வேலை செய்யும் இடத்தின் நிலைமையைப் பேசும் கூர்மை இதனால் மழுங்குகிறது என்று சங்கக்காரர்களே வருந்துவது உண்டு. அது நியாயமான வருத்தம் என்றே எனக்கும் படுகிறது.

வேலை செய்யும் இடத்தையே பேசிய ஒரு சங்கமும் உண்டு. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய ‘பெண்கூட்டு’ முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்காரும் உரிமை. நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த பெண்கள் கேட்ட அந்த ஒரு நாற்காலி 2018இல் கேரளத்தில் சட்டமானது. 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே திருத்தம் வந்தது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “எங்க அம்மா கடையில ஸ்டூல் இருக்கு டீச்சர், ஆனா யாரும் உட்கார மாட்டாங்க” என்றாள். சட்டத்துக்கும் ஸ்டூலுக்கும் இடையில் உள்ள தூரத்தை அதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இனி அந்த மாணவனின் அப்பாவிடம் வருவோம். செயலி நிறுவனங்கள் அவரை ஊழியர் என்று சொல்வதில்லை, பங்குதாரர் என்கின்றன. வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, போனும் அவருடையது. ஆனால் ஒரு ஆர்டருக்கு எவ்வளவு என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம் குறைந்தால் வேலை குறையலாம். ஒருநாள் காலையில் அவருடைய ஐடி முடக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்க ஒரு முகம் இல்லை. கதவு இருக்கிறது, ஆனால் அவரவர் சட்டைப்பையில் தனித்தனியாக இருக்கிறது. அதைச் சாத்துவதும் தனித்தனியாகத்தான்.

இவர்களும் சங்கம் சேர்கிறார்கள். உணவகங்களின் வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரமும், வாட்ஸ்அப் குழுக்களும்தான் இவர்களுக்குப் பெரம்பூரின் பக்திச் சபை. வேலைநிறுத்தம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியை அணைப்பது. செயலி ஓட்டுநர்களின் சங்கங்கள் சேர்ந்து 2019இல் அகில இந்தியக் கூட்டமைப்பு ஒன்றையும் உருவாக்கின. கோரிக்கைகளும் புதியவை: கணக்கை முடக்கினால் காரணம் சொல், ஊதியத்தைக் கணக்கிடும் முறையைக் காட்டு. இங்கிலாந்தில் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் சட்டப்படி தொழிலாளர்களே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் வந்த வழி வேறு; நம் கட்டுமானத் தொழிலாளர்கள் காட்டிய வழியின் தொடர்ச்சி அது. ராஜஸ்தான் 2023இல் செயலித் தொழிலாளர்களுக்கென முதல் மாநிலச் சட்டத்தை இயற்றியது. கட்டடத்தின் மீது விதித்த தீர்வையைப் போல, ஒவ்வொரு பரிவர்த்தனையின் மீதும் ஒரு நலக்கட்டணம். கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம், ஒருவரை நீக்கும் முன் காரணத்தோடு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைந்தது. சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை ஒன்றையும் திறந்தது. ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ‘கிக் தொழிலாளர்’ என்ற பிரிவினருக்கு வரையறை உண்டு.

பாடம் நடத்துவோருக்கு ஒரு குறிப்பு: 1926ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தொழிலுறவுத் தொகுப்பில் அடங்கிவிட்டது. நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய கையேட்டை வைத்துப் பொது அறிவுப் போட்டிக்குத் தயார் செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இதனால் கதவு உள்ள ஆலைகளின் காலம் முடிந்தது என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. 2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நடந்தது. ஊதியத்தோடு முக்கியக் கோரிக்கையாக இருந்தது, தங்கள் சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் அது பதிவு பெற்றது. 1918இன் கேள்வியும் இன்றைய கேள்வியும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன.

வகுப்பறைக்கு வருவோம். பெற்றோரின் தொழிலைக் கேட்டுப் பட்டியல் போடும் பயிற்சியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன். இரண்டு பிள்ளைகள் பொய் எழுதினார்கள், ஒரு பிள்ளை மறுநாள் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பொதுவில் தெரியும் ஆட்களை எடுத்துக்கொண்டோம்: ஆட்டோ ஓட்டுநர், பீடி சுற்றுபவர், தூய்மைப் பணியாளர், டெலிவரி செய்பவர், சித்தாள், பள்ளி ஆசிரியர். ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி. பணம் யாரிடமிருந்து கிளம்பி யார் யார் வழியாக இவர் கைக்கு வருகிறது? வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இவரைப் போன்றவர்கள் எங்கே ஒன்றாகக் கூடுகிறார்கள்? அம்புக்குறி போட்டு வரைய வேண்டும். ஆசிரியருக்கான படம் மிக எளிமையாக வந்தது, இரண்டே அம்பு. பீடித் தொழிலாளிக்கான படம் தாளை விட்டு வெளியே போயிற்று.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. சிங்கமும் நான்கு எருதுகளும் கதையைச் சொல்லிவிட்டு, “நாலு எருதும் நாலு ஊரில் மேய்ந்தால் எப்படிச் சேதி அனுப்பிக்கொள்ளும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான்காம் வகுப்பில் என் தோழி கேட்டபோது, காக்கையிடம் சொல்லி அனுப்பலாம் என்பதிலிருந்து, வாரம் ஒருநாள் சந்தையில் சந்திக்கலாம் என்பது வரை பதில்கள் வந்தனவாம்.

மேல்வகுப்பில் நன்றாக அமைந்தது நாடகம்தான். அகமதாபாத் 1972, பதிவாளர் அலுவலகம். ஒரு குழு காய்கறிக்காரிகள், தலைச்சுமைப் பெண்கள். ஒரு குழு பதிவாளரும் எழுத்தர்களும். 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கத்துக்குத் தரும் வரையறையை எளிய தமிழில் அச்சிட்டு இரு தரப்புக்கும் கொடுத்தேன். தொழிலாளருக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்தும் கூட்டு என்பது அதில் முதலில் வரும். தொழிலாளருக்கும் தொழிலாளருக்கும் இடையிலான உறவு என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அதை நான் சுட்டிக்காட்டவில்லை. இருபது நிமிட வாதத்துக்குப் பிறகு, தலைச்சுமைப் பெண்ணாக நடித்த மாணவி அதைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தாள். கடைசிப் பெஞ்சு மாணவன் அன்று காய்கறிக்காரியாகத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். “அப்ப முதலாளி இல்லாட்டியும் சேரலாம்ல?” என்று பதிவாளரிடமே கேட்டான்.

பதிவாளராக இருந்த மாணவி வரையறையை மறுபடி படித்தாள். எழுத்தரிடம் ஏதோ குசுகுசுத்தாள். மணி அடித்துவிட்டது. கையெழுத்துப் போடாத தாளை என்னிடம் நீட்டி, “இவங்களை நாளைக்கு வரச் சொல்லுங்க டீச்சர்” என்றாள்.